மேமோகிராம்: யாருக்கு, எப்போது, எதுவரை நம்பலாம்?

"அக்டோபரில் திருப்பாப்புலியூரில் முகாம் போடுகிறார்கள், சலுகை விலையில் மேமோகிராம் எடுக்கிறார்களாம். அம்மாவுக்கு 56, எனக்கு 41. இரண்டு பேரும் எடுத்துக்கொள்ளலாமா? எடுத்துவிட்டால் நிம்மதியாக இருக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மேமோகிராம் என்பது மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது. "மேமோகிராம் வீண்" என்று ஒரு வீடியோ பார்த்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதற்குள் வேறு கேள்விகளும் இருக்கின்றன. பெரியம்மா அறுபது வயதுக்கு மேல் மார்பகப் புற்றுநோயில் இறந்துபோனார், அதனால் உங்களுக்கும் வருமா என்ற பயம் ஒன்று. எக்ஸ்ரே கதிரே புற்றை உண்டாக்கும் என்று வீட்டுக்காரர் சொல்வது உண்மையா என்பது இன்னொன்று. மூன்றாவதை நீங்கள் கேள்வியாகவே கேட்கவில்லை. அம்மாவுக்கு இடது மார்புக் காம்பு மூன்று நான்கு மாதமாக உள்ளே இழுத்திருக்கிறது, வயதானால் அப்படித்தான் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

நான் புதுச்சேரியில் கதிரியக்க மருத்துவராக இருக்கிறேன். பல ஆண்டுகளாக என் வேலை நேரத்தில் பெரும்பங்கு மேமோகிராம் படிப்பதிலும், சந்தேகமான இடத்தில் ஊசி போட்டுச் சதை எடுத்து அனுப்புவதிலும் போகிறது. அறுவை சிகிச்சையும் கீமோவும் என் துறை அல்ல. உங்கள் அம்மாவை நான் பார்த்ததும் இல்லை. ஆகவே அவருக்கு நோய் இருக்கிறது, இல்லை என்று இங்கிருந்து சொல்ல முடியாது. எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்ணுக்கு, வெளியே தெரியாத புற்று ஏதாவது உள்ளே இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது ஒரு வேலை. முகாமில் நடப்பது அதுதான். ஒரு மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தபிறகு அதற்கு என்ன காரணம் என்று கண்டுபிடிப்பது வேறு வேலை. உங்கள் அம்மாவுக்குத் தேவை இரண்டாவது. சின்ன வயதிலிருந்தே இரண்டு பக்கமும் காம்பு உள்ளடங்கி இருந்தால் அது பெரும்பாலும் உடல்வாகு. 56 வயதில், ஒரே பக்கத்தில், சில மாதமாகப் புதிதாக இழுக்கிறது என்றால் அதை வயதின் கணக்கில் சேர்க்கக் கூடாது. பால் குழாய்கள் தடித்துச் சுருங்குவதாலும் இப்படி ஆகும், பழைய அழற்சியாலும் ஆகும், புற்றாலும் ஆகும். எதனால் என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. முகாம் நாளுக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே ஓர் அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்டுங்கள். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையில் காட்டலாம். சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். கோரிமேட்டு ஜிப்மருக்கு வரலாம், அங்கே மண்டலப் புற்றுநோய் மையமும் இருக்கிறது. ஓ.பி. சீட்டுப் போடும் இடத்தில் "செக்கப்" என்று சொல்லாதீர்கள். "ஒரு பக்கக் காம்பு மூன்று மாதமாக உள்ளே இழுக்கிறது" என்று சொல்லுங்கள். எந்தப் பிரிவுக்கு, எவ்வளவு சீக்கிரம் அனுப்புவது என்பதை அவர்கள் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

அங்கே மூன்று விஷயம் நடக்க வேண்டும். மருத்துவர் இரண்டு மார்பையும் இரண்டு அக்குளையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். மேமோகிராமும் அதோடு ஸ்கேனும் (அல்ட்ராசவுண்ட்) எடுக்க வேண்டும். சந்தேகமாக ஏதாவது இருந்தால் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால்தான் நாங்கள் ஒரு முடிவுக்கு வருவோம். கையில் தட்டுப்படும் புற்றுக்கட்டிகளிலேயே நூற்றுக்குப் பத்துப் பதினைந்து மேமோகிராமில் தெரியாமல் போகும். அதனால்தான் முகாமில் படம் எடுத்து "நார்மல்" என்று ரிப்போர்ட் வந்து, அதை நம்பி நீங்கள் இருவரும் வீட்டுக்குப் போய்விடக் கூடாதே என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. காம்பு இழுப்பு, புதிய கட்டி, காம்பிலிருந்து ரத்தம் கலந்த கசிவு, தோல் தடித்துச் சிறு சிறு குழி விழுவது, ஆறாத காம்புப் புண், அக்குளில் நெறிகட்டி, இவற்றில் ஒன்று இருந்தாலும் நார்மல் மேமோகிராம் அந்த விசாரணையை முடித்துவைக்காது. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டில் யாராவது சொல்லத்தான் போகிறார்கள். "ஊசி குத்தினால், கத்தி பட்டால் புற்று பரவிவிடும்" என்ற பயம் நம் பக்கம் மிகவும் ஆழமாக இருக்கிறது. நெல்லிக்குப்பத்திலிருந்து வந்தாலும் சரி, வில்லியனூரிலிருந்து வந்தாலும் சரி, பயாப்சி, அதாவது ஊசி போட்டுச் சதை எடுக்கும் பரிசோதனை, என்றதும் கூட வந்தவர் முகம் மாறுவதை அடிக்கடி பார்க்கிறேன். பயாப்சி செய்ததால் நோய் பரவி ஆயுள் குறைந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஊசி போடாமல் நேரே கட்டியை வெட்டி எடுத்துவிட்டு, பிறகு புற்று என்று தெரிந்து மறுபடியும் அறுவை செய்ய வேண்டிவருவதுதான் உண்மையான கஷ்டம். எந்த வகைப் புற்று, எந்த மருந்துக்குக் கேட்கும் என்பதெல்லாம் அந்த ஊசியில் வரும் துளிச் சதையிலிருந்துதான் தெரியும். சில பெண்களுக்கு முதலில் கீமோ, அப்புறம் அறுவை என்ற வரிசைதான் நல்லது. சதைப் பரிசோதனை இல்லாமல் அந்த முடிவை எடுக்க முடியாது.

இப்போது முகாம் கேள்விக்கு வருகிறேன். எந்த அறிகுறியும் இல்லாத பெண் மேமோகிராம் எடுத்துக்கொள்வதால் என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்காது?

முதலில் படம் எடுக்கும் விதம். நின்றபடியே மார்பை ஒரு தட்டின் மேல் வைத்து, மேலிருந்து இன்னொரு பிளாஸ்டிக் தட்டை இறக்கிச் சில விநாடி அழுத்துவார்கள். ஒவ்வொரு பக்கமும் மேலிருந்து கீழாக ஒரு படம், சாய்வாக ஒரு படம், மொத்தம் நான்கு. அழுத்துவது வலிக்கும், சிலருக்கு நன்றாகவே வலிக்கும். ஆனால் சதை பரவலாகவில்லை என்றால் ஒன்றின் மேல் ஒன்று படிந்து சின்னக் கட்டி மறைந்துவிடும், கதிரும் கூடுதலாகத் தேவைப்படும். நான் படிக்கும்போது வலதையும் இடதையும் பக்கம் பக்கமாக வைத்து, ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாதது எது என்று தேடுவேன். கொழுப்பு கறுப்பாகத் தெரியும். பால் சுரப்பிச் சதை வெள்ளை. புற்றும் வெள்ளைதான். அதனால் கொழுப்பு கூடிய மார்பில் சின்னக் கட்டிகூடப் பளிச்சென்று தெரிகிறது. சுரப்பிச் சதை அடர்த்தியாக உள்ள மார்பில் வெள்ளைக்குள் வெள்ளை ஒளிந்துகொள்கிறது. வயது குறைந்தவர்களுக்குப் பெரும்பாலும் அடர்த்தி அதிகம். மேமோகிராமுக்கு என்றே ஒரு பலம் உண்டு. கோலமாவு தூவியதுபோல் பொடிப்பொடியாகப் படியும் சுண்ணாம்புப் புள்ளிகளை அது காட்டும். பால் குழாயை விட்டு வெளியே வராத ஆரம்ப நிலைப் புற்று பல நேரம் அப்படித்தான் முதலில் தெரியவரும். ஸ்கேனில் அது பெரும்பாலும் தெரியாது. "ஸ்கேன் மட்டும் போதாதா?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் காரணம் இதுதான்.

பலன் உண்டா? உண்டு, அளவாக உண்டு. 1963இல் நியூயார்க்கில் தொடங்கி ஸ்வீடன், பிரிட்டன், கனடா என்று பல நாடுகளில் லட்சக்கணக்கான பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் பரிசோதனை செய்து பல ஆண்டுகள் கவனித்தார்கள். இவற்றையெல்லாம் 2012இல் பிரிட்டனில் ஒரு சுயேச்சைக் குழு சேர்த்து ஆராய்ந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களிடம் மார்பகப் புற்றால் வரும் மரணம் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்று சொன்னது. கேட்க நன்றாக இருக்கும் இந்த எண்ணை அந்தக் குழுவே வேறு விதமாகவும் சொன்னது, அதுதான் நமக்குப் பயன்படும். 50 வயதிலிருந்து 20 ஆண்டுகள் 10,000 பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்தால் 43 பேர் மார்பகப் புற்றால் சாவதிலிருந்து தப்புகிறார்கள். அதே 10,000 பேரில் 129 பேருக்கு, கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் வாழ்நாள் முழுவதும் எந்தத் தொந்தரவும் தந்திராத ஒரு புற்று கண்டுபிடிக்கப்பட்டுச் சிகிச்சையும் செய்யப்படுகிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2013 ஆய்வுத் தொகுப்பு இன்னும் கடுமையாகக் கணக்கிட்டது. 2,000 பெண்களை 10 ஆண்டுகள் பரிசோதித்தால் ஒருவர் உயிர் பிழைக்கிறார், 10 பேர் தேவையில்லாத சிகிச்சை பெறுகிறார்கள், 200க்கும் மேற்பட்டோர் பொய் எச்சரிக்கையால் மன வேதனைப்படுகிறார்கள் என்றது. எண்கள் வேறுபட்டாலும் திசை ஒன்றுதான். மரணம் குறைகிறது, அதற்கு ஒரு விலையும் இருக்கிறது.

நிபுணர்களுக்குள் உண்மையான கருத்து வேறுபாடு எங்கே என்றால், அந்த 43 என்பது இன்றைக்கு எவ்வளவு, அந்த 129 என்பது எவ்வளவு என்பதில்தான். பெரும்பாலான ஆய்வுகள் தொடங்கியபோது இன்றைய மருந்துகள் இல்லை. சிகிச்சை முன்னேறிவிட்டதால், கொஞ்சம் தாமதமாகக் கண்டுபிடித்தாலும் பிழைப்பவர்கள் இன்று கூடுதல். ஆகவே பரிசோதனையின் தனிப்பலன் குறைந்திருக்கலாம். கனடாவில் 40 முதல் 59 வயது வரையான 89,835 பெண்களை 25 ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வு 2014இல் வந்தது. மேமோகிராம் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் மரணத்தில் வித்தியாசமே இல்லை என்றது. நீங்கள் பார்த்த "மேமோகிராம் வீண்" என்ற வீடியோ அநேகமாக இதைத்தான் காட்டுகிறது. அந்த ஆய்வில் எடுத்த படங்களின் தரம் பற்றியும், பெண்களைப் பிரித்த முறை பற்றியும் பலமான விமர்சனங்கள் உண்டு. ஓர் ஆய்வை மட்டும் வைத்து வீண் என்பதும் சரியில்லை, அதை இல்லாததாக்கி விளம்பரம் செய்வதும் சரியில்லை.

விளம்பரங்களில் "சீக்கிரம் கண்டுபிடித்தவர்களில் இத்தனை சதவீதம் பேர் ஐந்து ஆண்டுக்கு மேல் வாழ்கிறார்கள்" என்று போட்டிருப்பார்கள். அந்த எண்ணைப் படிக்கும்போது கவனம் வேண்டும். ஒரு பெண்ணுக்கு 57 வயதில் கட்டி தட்டுப்படுகிறது, 61 வயதில் இறக்கிறார் என்று வையுங்கள். கணக்குப்படி அவர் நோய் தெரிந்தபின் வாழ்ந்தது நான்கு ஆண்டு. அதே பெண்ணுக்கு 54 வயதில் மேமோகிராமில் தெரிந்து, அப்போதும் 61 வயதிலேயே இறந்தால் ஏழு ஆண்டு வாழ்ந்தவராகக் கணக்கு காட்டும். ஆயுள் ஒரு நாள்கூடக் கூடவில்லை. நோய் இருப்பது தெரிந்து வாழ்ந்த காலம்தான் கூடியது. அதனால்தான் நாங்கள் பிழைப்புச் சதவீதத்தை விட்டுவிட்டு மரண எண்ணிக்கையைப் பார்க்கிறோம்.

பொய் எச்சரிக்கை என்பது காகிதத்தில் சின்ன வார்த்தை. அமெரிக்காவில் ஆண்டுதோறும் மேமோகிராம் எடுத்துக்கொள்ளும் பெண்களில் ஏறத்தாழ பாதிப்பேர் பத்து ஆண்டுக்குள் ஒரு தடவையாவது "இன்னொரு படம் எடுக்க வேண்டும்" என்று திரும்ப அழைக்கப்படுகிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கடைசியில் ஒன்றுமில்லை. அந்த இடைப்பட்ட நாட்களில் வீட்டில் சமையல்கூட ஒழுங்காக நடப்பதில்லை. அரியாங்குப்பத்திலிருந்து ஒரு பெண்மணி ரிப்போர்ட்டைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி வந்தார். "பைராட்ஸ் 0" என்று போட்டிருந்தது. பைராட்ஸ் என்பது படத்தில் எவ்வளவு சந்தேகம் என்று காட்ட நாங்கள் ரிப்போர்ட்டில் போடும் எண். கூட வந்த மகன் "ஜீரோன்னா ஒண்ணுமில்லைன்னுதானே டாக்டர்?" என்று கேட்டார். அந்தத் தாயார் அதற்கு நேர்மாறாக எல்லாம் முடிந்தது என்று நினைத்து இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. இரண்டும் தப்பு. 0 என்றால் இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை, கூடுதல் படமோ ஸ்கேனோ பழைய படமோ வேண்டும் என்று அர்த்தம். 1, 2 என்றால் பயப்பட ஒன்றும் இல்லை. 3 என்றால் புற்றாக இருக்க வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே, ஆறு மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். 4, 5 என்றால் ஊசிப் பரிசோதனை வேண்டும். 4 வந்தவர்கள் எல்லோருக்கும் புற்று என்று எண்ண வேண்டாம், அந்த எண்ணுக்குள் சந்தேகத்தின் அளவு மிகவும் விரிந்தது. ஊருக்குத் திரும்புமுன் எந்த எண் வந்திருக்கிறது, அடுத்து என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளுக்குள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தேவையில்லாத சிகிச்சை என்பது இன்னும் கஷ்டமான விஷயம். நுண்ணோக்கியில் பார்த்தால் அது புற்றுதான், ரிப்போர்ட்டில் தப்பு ஏதும் இருக்காது. ஆனால் வளராமலோ, மிக மெதுவாக வளர்ந்தோ, அந்தப் பெண்ணை ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கும் புற்று. எது அப்படிச் சும்மா இருக்கும், எது பரவும் என்று ஒரு தனிப் பெண்ணிடம் இன்றைக்கு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் எல்லோருக்கும் சிகிச்சை செய்கிறோம். இப்படிப்பட்டவர் எத்தனை பேர் என்ற கணக்கு ஆய்வுக்கு ஆய்வு பெரிதாக மாறுகிறது. இந்தப் பகுதியில் உறுதி குறைவு என்பதை எந்த நிபுணரும் மறுக்க மாட்டார். இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் உண்டு. சில புற்றுகள் வேகமாக வளரும். போன ஆண்டு படத்தில் ஒன்றுமே இருக்காது, அடுத்த படத்துக்கு முன்பே கட்டி கைக்குத் தட்டுப்படும். மேலை நாடுகளைவிட நம் பெண்களிடம் அந்த வேகமான வகை கூடுதல் பங்கில் இருக்கிறது. "எடுத்துவிட்டால் நிம்மதியா?" என்று நீங்கள் கேட்டதற்கு நேரான பதில் இதில் இருக்கிறது. நார்மல் என்று வந்தால் அன்றைய நிலவரத்துக்கு ஓரளவு ஆறுதல். அடுத்த இரண்டு ஆண்டுக்கான உத்தரவாதமாக அதை எடுத்துக்கொள்ள முடியாது.

இந்த எண்களெல்லாம் பிரிட்டனும் அமெரிக்காவும் கனடாவும் தந்தவை. நம் ஊருக்கு அப்படியே பொருந்துமா? பொருந்தாது. 2022இல் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்று வந்தது, 98,000 பேருக்கு மேல் இறந்தார்கள் என்று உலகப் புற்றுநோய் கணக்கெடுப்பு சொல்கிறது. எண் பெரிது, ஆனால் நம் மக்கள்தொகையும் பெரிது. ஒரு லட்சம் பெண்களுக்கு எத்தனை பேர் என்று வயதைச் சமன்செய்து பார்த்தால் நம் நோய்விகிதம் மேலை நாடுகளில் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கிறது. நகரங்களில் கூடுதல், கிராமங்களில் குறைவு. நோய் குறைவாக உள்ள இடத்தில் ஒரு உயிரைக் காப்பாற்ற இன்னும் நிறையப் பேரைப் பரிசோதிக்க வேண்டும். பொய் எச்சரிக்கை மட்டும் அந்த அளவுக்குக் குறையாது. "இந்தியப் பெண்களுக்கு இளம் வயதிலேயே வருகிறது, அதனால் முப்பதிலேயே மேமோகிராம்" என்று சொல்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். நம் நோயாளிகளின் சராசரி வயது குறைவு என்பது உண்மை. நம் நாட்டில் இளம் வயதினர் தொகையே அதிகம் என்பது அதற்குப் பெரிய காரணம். முப்பது வயதுப் பெண்ணின் தனிப்பட்ட ஆபத்து இங்கேயும் குறைவுதான்.

நம் நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வை நான் மிகவும் மதிக்கிறேன். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனையினர் 1998இல் தொடங்கி, 35 முதல் 64 வயது வரையான 1,51,538 பெண்களை இருபது ஆண்டு கவனித்தார்கள். மேமோகிராம் கிடையாது. பத்தாம் வகுப்புப் படித்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, குடிசைப் பகுதிகளில் இந்த 1,51,538 பேரில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு மட்டும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் மார்பைப் பரிசோதிக்கச் செய்தார்கள், அவ்வளவுதான். 2021இல் முடிவு வந்தது. எல்லா வயதையும் சேர்த்துப் பார்த்தால் மரணம் 15 சதவீதம் குறைந்தது, ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவில்தான். 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் மட்டும் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது, அது நம்பத்தக்க வித்தியாசம். ஐம்பதுக்குக் கீழே பலன் தெரியவில்லை. மத்திய அரசின் 2016 வழிகாட்டுதலிலும் மேமோகிராம் கட்டாயம் இல்லை. 30 முதல் 65 வயது வரை, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, பயிற்சி பெற்றவர் கையால் செய்யும் பரிசோதனையைத்தான் அது சொல்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுச் செய்துகொள்ளலாம்.

நம் பக்கம் பெண்கள் சாவதற்குப் பெரும் காரணம் மேமோகிராம் எடுக்காதது இல்லை என்பது என் எண்ணம். கட்டி தட்டுப்பட்ட நாளுக்கும் சிகிச்சை முடிந்த நாளுக்கும் இடையில் போகும் மாதங்கள்தான் காரணம். வலி இல்லாததால் விட்டுவிடுகிறார்கள். ஆரம்பப் புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிக்காது என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தபிறகும் பெண்ணின் கல்யாணம் முடியட்டும், ஆடி போகட்டும், பண்ருட்டிப் பக்கம் என்றால் முந்திரி சீசன் முடியட்டும், வடலூர்ப் பக்கம் என்றால் தைப்பூசம் முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறார்கள். சிகிச்சை தொடங்கியவர்களிலும் கீமோ நடுவிலேயே நின்றுவிடுபவர்கள் உண்டு. "கரண்டு வைப்பது" என்று நம் ஊரில் சொல்லும் கதிர்வீச்சுக்குத் தினமும் பஸ் ஏறி வர முடியாமல் நிறுத்திவிடுபவர்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் முயற்சியில் வைத்த இலக்குகளில் ஒன்று, மருத்துவரிடம் முதலில் காட்டிய 60 நாளுக்குள் நோய் என்ன என்று உறுதியாக வேண்டும் என்பது. எனக்கு அந்த 60 நாள் கணக்கு ரொம்பவும் முக்கியமாகப் படுகிறது. அம்மா விஷயத்தில் நீங்கள் காட்டும் நாளிலிருந்து அதை எண்ணிக்கொண்டு வாருங்கள்.

வீட்டுக்காரர் சொன்ன கதிர்வீச்சு விஷயம். பயம் முற்றிலும் ஆதாரமற்றது இல்லை, எக்ஸ்ரே கதிருக்குப் புற்றை உண்டாக்கும் தன்மை உண்டு. அளவுதான் கேள்வி. நான்கு படங்களுக்கும் சேர்த்து உடலுக்குக் கிடைப்பது, மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நமக்கு இயல்பாகவே ஏழெட்டு வாரத்தில் கிடைக்கும் கதிருக்குச் சமம். 2016இல் அமெரிக்காவில் கணினி வழியாக ஒரு கணக்குப் போட்டார்கள். 1,00,000 பெண்கள் 40 வயது முதல் 74 வரை ஆண்டு தவறாமல் எடுத்தால், கதிரால் 125 பேருக்குப் புற்று வந்து 16 பேர் இறக்கலாம், பரிசோதனையால் 968 மரணம் தவிர்க்கப்படலாம் என்று வந்தது. இது கணக்குதான், நேரில் எண்ணியது இல்லை. இளம் வயதில் கதிரின் பாதிப்பு கூடுதல் என்பதால் காரணமில்லாமல் இருபதுகளிலும் முப்பதுகளிலும் எடுப்பதை நான் ஆதரிப்பதில்லை. அம்மாவுக்கு இன்று எடுக்க வேண்டிய படத்துக்கு இந்தப் பயம் ஒரு தடையே இல்லை.

அடுத்து நீங்கள். 41 வயது, அறிகுறி ஏதும் இல்லை, பெரியம்மாவுக்கு அறுபதுக்கு மேல் வந்தது. தாய், உடன்பிறந்தவள், மகள் இவர்களில் ஒருவருக்கு வந்திருந்தால் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகும். பெரியம்மா ஒருவருக்கு, அதுவும் வயதான பிறகு வந்ததால் உங்களுக்குக் கூடும் ஆபத்து குறைவு. மார்பகப் புற்றில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானதுதான் பரம்பரை மரபணுவால் வருவது. ஆனாலும் வீட்டுப் பெரியவர்களிடம் விசாரியுங்கள். அம்மா வழியிலோ அப்பா வழியிலோ ஐம்பதுக்குள் மார்பகப் புற்று, சினைப்பைப் புற்று, இரண்டு மார்பிலும் புற்று, ஆணுக்கு மார்பகப் புற்று, இதில் ஏதாவது உண்டா? இருந்தால் உங்கள் கணக்கே வேறு. மரபணு ஆலோசனைக்குப் போக வேண்டும், அப்போது எம்.ஆர்.ஐ.யும் பேச்சில் வரும். அம்மாவின் முடிவு வந்தபிறகும் உங்கள் கணக்கை மறுபடி பார்க்க வேண்டியிருக்கலாம்.

அப்படி எதுவும் இல்லையென்றால் நாற்பதுகளில் எடுப்பதா வேண்டாமா என்பதில் நாடுகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. அமெரிக்காவில் நோய்த்தடுப்புப் பரிசோதனைகளுக்குப் பரிந்துரை சொல்லும் நிபுணர் குழு 2024இல் 40 வயதிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று மாற்றிக்கொண்டது. பிரிட்டன் 50 வயதிலிருந்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே அழைக்கிறது. பிரிட்டனிலேயே 40 வயதில் தொடங்கிய 1,60,000 பெண்களின் ஆய்வு 2020இல் முடிந்தது. நாற்பதுகளில் பரிசோதித்தால் ஒரு மரணத்தைத் தடுக்கச் சுமார் 1,150 பெண்களுக்குப் பல ஆண்டு படம் எடுக்க வேண்டும் என்று வந்தது. இதைப் படித்துவிட்டு "அந்த ஒருத்தி நானாக இருக்கலாமே" என்று எடுப்பவரையும் நான் தடுக்க மாட்டேன், "ஐம்பதுக்கு மேல் பார்த்துக்கொள்கிறேன்" என்பவரையும் வற்புறுத்த மாட்டேன். என் சொந்தத் தங்கை கேட்டிருந்தால், நாற்பதுகளில் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவரிடம் கையால் பரிசோதித்துக்கொள், 50 ஆனதும் 69 வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு மேமோகிராம் எடு, சந்தேகம் வந்தால் பின்தொடர முடிகிற இடமாகப் பார்த்து எடு என்றுதான் சொல்லியிருப்பேன். வேறு பெரிய நோயோடு இருக்கும் எண்பது வயதுப் பாட்டியை முகாமுக்கு அழைத்துப் போகாதீர்கள். பலன் கைக்கு வரப் பத்து ஆண்டுபோல் ஆகும், தொல்லை அன்றே வந்துவிடும். மாதாமாதம் தானே தடவிப் பார்ப்பதை முறையாகச் சொல்லிக்கொடுத்து ஷாங்காயில் ஆலைத் தொழிலாளப் பெண்கள் 2,66,000 பேரிடம் சோதித்தார்கள். மரணம் குறையவில்லை, தேவையற்ற பயாப்சிதான் கூடியது. அதனால் அட்டவணை போட்டுத் தேட வேண்டாம். குளிக்கும்போதும் உடுத்தும்போதும் உங்கள் மார்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றம் தெரிந்தால் காட்டுங்கள்.

முகாமைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல முகாம்களும் உண்டு. பெயர் கொடுக்கும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். படத்தை யார் படிக்கிறார்கள், மேமோகிராமில் பழக்கமுள்ள கதிரியக்க மருத்துவரா? சந்தேகம் வந்தால் ஸ்கேனும் பயாப்சியும் எங்கே, என்ன செலவில்? படத்தை நம் கையில் கொடுப்பார்களா, அல்லது ஒரு வரி ரிப்போர்ட் மட்டுமா? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத இடத்தில் எடுக்காமல் இருப்பதே மேல். தொடாமல், வலிக்காமல், கதிர் இல்லாமல் உடல் சூட்டை வைத்து மார்பகப் புற்றைக் கண்டுபிடிப்பதாகச் சில இடங்களில் ஒரு கருவி வைத்திருப்பார்கள். அது மேமோகிராமுக்கு மாற்று இல்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தெளிவாக எச்சரித்திருக்கிறது. அதில் "பச்சை" வந்தது என்பதற்காக யாரும் ஒரு கட்டியை அலட்சியம் செய்துவிடக் கூடாது.

எடுக்கப் போகும் நாளில் மார்பிலும் அக்குளிலும் பவுடரோ வாசனைத் திரவமோ பூச வேண்டாம். அதிலுள்ள துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளிபோலவே தெரிந்து எங்களைக் குழப்பும். மாதவிலக்கு வருபவர் என்றால் அது முடிந்த வாரத்தில் போங்கள், அழுத்தும்போது வலி குறைவாக இருக்கும். அம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், முதலில் கிடைக்கும் நாளில் போகட்டும். சேலையோ, மேல்சட்டை தனியாக உள்ள சுடிதாரோ உடுத்திக்கொண்டால் மேல்பாதியை மட்டும் கழற்றிக்கொள்ளலாம். பெண் டெக்னீஷியன்தான் வேண்டும் என்று கேட்கத் தயங்க வேண்டாம். பிறகு ரிப்போர்ட் காகிதத்தோடு படங்களையும் சிடியையும் கேட்டு வாங்கி, வீட்டில் வெயில் படாத இடத்தில் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை வேறு ஊரில் எடுத்தாலும் அவற்றைக் கையோடு கொண்டு போங்கள். ஒரு நிழல் ஐந்து ஆண்டாக அப்படியே இருக்கிறது என்று பழைய படத்தில் தெரிந்தால், புதிதாக ஊசி குத்தாமலேயே பலரை நான் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.